பிள்ளையைக் காப்பாற்றுதல்: எல்லாளனில் இருந்து எங்கட வீடு வரை

அப்ப எனக்குப் பதினேழு வயது. ஏ.எல். முதலாம் வருஷம். அப்பாவின் மோட்டார் சைக்கிளை லைசன்ஸ் இல்லாமல் எடுத்துக்கொண்டு ரியூஷனுக்குப் போன ஒரு பின்னேரம், ஒழுங்கை முடக்கில் சைக்கிளில் வந்த ஒரு ஐயாவை அடித்துவிட்டேன். அவருக்குக் கால் முறிந்தது. எனக்கு முழங்கையில் சின்ன உரஞ்சல் மட்டும்.

யாரோ போன் பண்ணி அப்பா வந்தார். ஐயாவை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பிறகு என்னைப் பார்த்து, "நான்தான் ஓடினது. நீ வீட்ட போ" என்றார். அவ்வளவுதான். பொலிஸில் வாக்குமூலம் கொடுத்தது அப்பா. ஐயாவின் வீட்டுக்காரரோடு கதைத்தது அப்பா. வைத்தியச் செலவுக்கும் மூன்று மாதச் சம்பளத்துக்கும் காசு கொடுத்ததும் அப்பாதான். "பொடியன்ர படிப்பு குழம்பிடும்" எண்டு சொன்னதற்கு ஐயாவும் ஓமெண்டுவிட்டாராம்.

நான் சோதனை எழுதினேன், கம்பஸ் போனேன், வேலைக்கும் வந்துவிட்டேன். அந்த ஐயாவிடம் ஒரு நாளும் போய் "நான்தான்" என்று சொன்னதில்லை.

போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் மகாவம்சத்தின் 21ஆம் அத்தியாயத்தை வாசித்தோம். எல்லாளனைப் பற்றிய பகுதி. கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இந்த முறை வாசிக்கும்போது எனக்கு அந்த ஒழுங்கை முடக்கு ஞாபகம் வந்தது. இந்தக் கட்டுரை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எல்லாளனின் மணி

மகாவம்சக் கணக்கின்படி எல்லாளன் அநுராதபுரத்தில் 44 வருடங்கள் ஆண்டவன். கி.மு. 205 முதல் 161 வரை என்பது மரபாகச் சொல்லப்படும் காலம். மகாவம்சம் எழுதப்பட்டது அதற்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு. அதை எழுதிய பிக்குவுக்கு எல்லாளன் சோழ நாட்டில் இருந்து வந்த அந்நியன், வேறு சமயத்தவன், துட்டகைமுனு வெல்லவேண்டிய எதிரி. இருந்தும் அவனது நீதியைப் பற்றி அந்த நூல் மரியாதையோடுதான் எழுதுகிறது.

கதை இதுதான். அரசனின் கட்டில் தலைமாட்டில் ஒரு மணி தொங்கியது. அதில் நீளமான ஒரு கயிறு கட்டப்பட்டிருந்தது. நீதி வேண்டும் என்ற எவரும் வந்து இழுக்கலாம். அரசனுக்கு ஒரே மகன், ஒரே மகள். ஒரு நாள் மகன் தேரில் திஸ்ஸ வாவிக்குப் போகும்போது, தாய்ப்பசுவோடு வழியில் படுத்திருந்த கன்றின் கழுத்தில் சில்லு ஏறியது. பசு வந்து கயிற்றை இழுத்தது. அரசன் அதே சில்லால் தன் மகனின் தலையைத் துண்டிக்கச் செய்தான்.

இதில் நான் முன்னர் கவனிக்காத ஒரு சொல் இருக்கிறது. மகன் அதை வேண்டுமென்று செய்யவில்லை, தெரியாமல்தான் நடந்தது என்று நூலே சொல்கிறது. இன்றைக்கு எந்த வீட்டிலும் முதலில் வரும் வசனமும் அதுதான்: "பொடியன் தெரியாம செய்திட்டான்."

தமிழ்நாட்டில் இதே கதை மனுநீதிச் சோழன் கதையாக வழங்குகிறது. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் சபையில் கண்ணகி தன் ஊரைச் சொல்லும்போது இந்தச் சோழனைக் குறிப்பிடுகிறாள். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் திருவாரூரின் பெருமையாக இதை விரித்துப் பாடுகிறார். அங்கே அமைச்சர்கள் அரசனிடம் வேறு வழி சொல்கிறார்கள்: பசுவைக் கொன்றதற்குச் சாத்திரம் சொன்ன பரிகாரம் இருக்கிறது, அதைச் செய்தால் போதும் என்று. அரசன் கேட்கவில்லை. என் மகன் என்றால் பரிகாரம், வேறொருவன் என்றால் மரணமா என்ற நியாயம்தான் அவனுக்கு. தேரை ஏற்றச் சொல்லிக் கட்டளை பெற்ற அமைச்சர் அதைச் செய்ய மனமில்லாமல் தன் உயிரை விடுகிறார். அரசனே தேரை ஓட்டுகிறான். கடைசியில் சிவபெருமான் தோன்றிக் கன்று, மகன், அமைச்சர் எல்லோரையும் எழுப்பிவிடுகிறார்.

பாளியில் எழுதிய பிக்கு யாரையும் எழுப்பவில்லை. கன்றும் செத்தது, மகனும் செத்தான், கதை முடிந்தது. தமிழில் சொன்னவர்களால் அப்படி விட முடியவில்லை என்று நினைக்கிறேன். நீதியும் நிற்கவேண்டும், பிள்ளையும் பிழைக்கவேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்கக் கடவுளே இறங்கி வரவேண்டியிருந்தது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். அந்தச் சிலையைக் கும்பிட்டுக்கொண்டு உள்ளே போகும் தகப்பன்மாரில் எத்தனை பேர் தன் பிள்ளையின் வழக்கில் மனுநீதிச் சோழனாக இருப்பார்கள்?

மணியின் கயிறு தகப்பன் கையில் இருந்தால்

வரலாற்றில் அதிகாரம் உள்ள தகப்பன்மார் பெரும்பாலும் எதிர்ப்பக்கம்தான் நின்றிருக்கிறார்கள். இரண்டு உதாரணம் சொல்கிறேன். இரண்டும் ஒரே அளவான குற்றம் இல்லை, ஒரே மாதிரியான ஆட்சியும் இல்லை.

1988 இல் ஈராக்கில் சதாம் ஹுசைனின் மூத்த மகன் உதய், ஒரு விருந்தில் தகப்பனின் நெருங்கிய பணியாளர் ஒருவரை எல்லோர் முன்னாலும் அடித்துக் கொன்றான். சதாம் கோபப்பட்டார், மகனைச் சிறையிலும் போட்டார். ஆனால் அது கொஞ்சக் காலம்தான். பிறகு மகன் சுவிற்சர்லாந்துக்கு அனுப்பப்பட்டான், திரும்பியும் வந்தான். ஈராக்கின் ஒலிம்பிக் குழு அவன் கையில் இருந்தது. தோற்ற விளையாட்டு வீரர்களை அவன் சித்திரவதை செய்ததை அந்த வீரர்களே பின்னர் சொன்னார்கள். 1988 இல் தகப்பன் மறைத்த ஒன்றுக்கு, அதற்குப் பிறகு எத்தனையோ வேறு வீட்டுப் பிள்ளைகள் விலை கொடுத்தார்கள்.

மற்றது 2024. அமெரிக்க ஜனாதிபதி ஜோ பைடனின் மகன் ஹன்டர், துப்பாக்கி வாங்கியது தொடர்பான மூன்று குற்றச்சாட்டுகளில் யூன் மாதம் ஜூரியால் குற்றவாளியாகக் காணப்பட்டார். செப்டெம்பரில் ஒன்பது வரிக் குற்றங்களை ஒப்புக்கொண்டார். மகனுக்கு மன்னிப்பு வழங்கமாட்டேன் என்று பைடன் பகிரங்கமாகச் சொல்லியிருந்தார். டிசெம்பர் 1ஆம் திகதி மன்னிப்பு வழங்கினார். அந்த இரண்டு வழக்குகளுக்கு மட்டும் இல்லை. 2014 ஜனவரி முதல் அன்று வரை, ஏறக்குறைய பதினொரு வருடங்களில் செய்திருக்கக்கூடிய மத்திய அரசின் கீழான எந்தக் குற்றத்துக்கும். என்னுடைய மகன் என்பதற்காகத்தான் அவனைக் குறிவைத்தார்கள் என்பது அவர் சொன்ன காரணம்.

அந்தக் காரணத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் ஏலாது. சிலவேளை அதில் உண்மை இருக்கலாம். ஆனால் பாருங்கள், உலகத்தின் மிகப்பெரிய நாட்டொன்றின் ஜனாதிபதிக்கே தன் நாட்டுச் சட்டம் தன் பிள்ளைக்கு நியாயம் செய்யாது என்ற எண்ணம் வந்திருக்கிறது. அப்படி நினைத்த மற்றத் தகப்பன்மாரிடம் மன்னிப்புக் கடிதம் எழுதும் பேனா இல்லை. அவரிடம் இருந்தது.

அப்பம்மாவின் காப்பு

இனி எங்கட கதைக்கு வருவோம். ஏனென்றால், "பெற்றோர் பிள்ளையைக் காப்பாற்றுவது பிழை" என்று இந்த மண்ணில் இருந்துகொண்டு லேசாக எழுதிவிட முடியாது.

1979 இல் தற்காலிகமாகக் கொண்டுவந்து 1982 இல் நிரந்தரமாக்கிய பயங்கரவாதத் தடைச் சட்டம், ஒருவரை நீதிமன்றில் குற்றம் சாட்டாமலே 18 மாதம் வரை தடுத்துவைக்க இடம் கொடுத்தது. தடுப்பில் இருக்கும்போது உயர் பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் அவருக்கு எதிராகவே சாட்சியாகவும் ஆனது. அந்த வாக்குமூலம் எப்படி வாங்கப்பட்டிருக்கும் என்று எங்கட வீடுகளில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

1985 இல் ஒரு சுற்றிவளைப்பில் என்ர அப்பாவையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்பாவுக்கு அப்ப பத்தொன்பது வயது. செய்த குற்றம், பத்தொன்பது வயதாக இருந்தது. காலிக்குப் பக்கத்தில் உள்ள பூசா முகாமில் வைத்திருந்தார்கள். அப்பம்மா அதுவரைக்கும் யாழ்ப்பாணத்தைத் தாண்டி எங்கும் போனதில்லை. சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. காப்புச் சோடியை அடைவு வைத்துவிட்டு, கொழும்புக்குப் போய், அங்கிருந்து காலிக்குப் போய், முகாம் வாசலில் நின்றா. ஒரு தரகருக்குக் காசும் கொடுத்தா. எட்டு மாதத்துக்குப் பிறகு அப்பா வந்தார். காப்புத் திரும்பி வரவே இல்லை.

அந்தக் காலத்தில் அப்பம்மா தனியாள் இல்லை. 1984 இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி தொடங்கியதே, பிடிபட்டுப்போன பிள்ளைகளை விடுவிக்கச் சொல்லித்தான். தாய்மார் ஊர்வலமாக அரசாங்க அதிபரின் கச்சேரிக்குப் போனார்கள். சில வருடங்களில் இதே நிலைமை தெற்கிலும் வந்தது. ஜே.வி.பி. கிளர்ச்சியை அடக்கியபோது காணாமல்போன பிள்ளைகளுக்காக 1990 இல் மாத்தறையில் சிங்களத் தாய்மாரும் அன்னையர் முன்னணி அமைத்தார்கள்.

காப்பாற்றவேண்டியிருந்தது அரசாங்கத்திடம் இருந்து மட்டும் இல்லை, அதையும் சொல்லத்தான் வேணும். போரின் கடைசி வருடங்களில் வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்று கட்டாயமாகச் சேர்த்தபோது, பிள்ளைகளைப் பதுங்குகுழிக்குள் ஒளித்துவைத்த பெற்றோர் இருக்கிறார்கள். கலியாணம் முடித்தால் விடுவார்கள் என்று வயது வராத பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவைத்தவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு அந்தக் கலியாணமே பிறகு இன்னொரு சிறையாகப் போனது. அதற்காக அந்தத் தாய்மாரைக் குற்றம்சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இவர்கள் யாரும் செய்த குற்றத்தின் விளைவில் இருந்து பிள்ளையைக் காப்பாற்றவில்லை. பிள்ளை எதுவும் செய்யாமலே வந்த விளைவில் இருந்து காப்பாற்றினார்கள். மணி இல்லாத நாட்டில், கயிறு இருந்தும் இழுத்தால் சத்தம் வராத நாட்டில், பெற்றோர் வேறு என்ன செய்வது?

இன்றைக்கும் 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய தாய்மாரின் போராட்டம் முடியவில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு அவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு விதிவிலக்குக் கேட்கவில்லை. என்ன நடந்தது என்று சொல்லுங்கள், விசாரியுங்கள் என்றுதான் கேட்கிறார்கள். எல்லாளன் கதையில் வரும் பசுவின் இடத்தில் நிற்பது அவர்கள்தான்.

பழகிப்போன கை

பிரச்சினை எங்கே வருகிறது என்றால், போர் முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் முடியவில்லை. பிள்ளைக்கு ஏதும் என்றால் முதல் வேலை அவனை அந்த இடத்தில் இருந்து எடுத்துவிடுவது. என்ன நடந்தது, யாருக்கு நடந்தது என்பதெல்லாம் பிறகுதான். நாற்பது வருடம் உயிரைக் காத்த ஒரு பழக்கத்தை, "இப்ப நிலைமை வேற" என்று ஒரு நாளில் விட முடியாதுதான். அதோடு நிலைமை எல்லா இடத்திலும் வேறாகிவிட்டது என்றும் சொல்ல ஏலாது.

ஆனால் பகிடிவதையை எடுத்துப் பாருங்கள். 1997 இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவன் ஒருவன் பகிடிவதையால் இறந்தான். பொறியியல் படிக்க வந்தவன். அடுத்த வருடம் 1998 இன் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதையில் கடுங்காயம் ஏற்படுத்தினாலோ பாலியல் தொல்லை கொடுத்தாலோ பத்து வருடம் வரை சிறை என்று அதில் இருக்கிறது. சட்டம் வந்து இவ்வளவு காலமாகியும் ஒவ்வொரு வருடமும் செய்தி வருகிறது. விசாரணை என்று வந்தால் சீனியர் பொடியன்களின் பெற்றோர் வருவார்கள். பாவம், தூர இடத்தில் இருந்து கடன்பட்டுப் படிப்பித்த சனம்தான். அவர்கள் சொல்லும் சொல் ஒன்றுதான்: "பிள்ளையின்ர எதிர்காலம் போயிடும்."

அது பொய்யில்லை. ஆனால் அடிவாங்கிப் படிப்பை விட்டுவிட்டுப்போன முதலாம் வருடப் பிள்ளைக்கும் ஒரு எதிர்காலம் இருந்தது. அந்தப் பிள்ளையைப் படிப்பிக்கக் கடன்பட்ட பெற்றோரும் இருக்கிறார்கள். கன்றுக்கும் தாய் இருந்தது என்பதுதானே எல்லாளன் கதையின் முழுச் சங்கதியும்.

எங்கட பெற்றோர் அநீதியில் இருந்து பிள்ளையைக் காப்பாற்றப் படித்த அதே வித்தையால், இப்ப நீதியில் இருந்தும் பிள்ளையைக் காப்பாற்றுகிறார்கள். இரண்டையும் செய்யும்போது கை ஒரே மாதிரித்தான் அசைகிறது. அப்பம்மா தரகருக்குக் கொடுத்த காசும், அப்பா ஐயாவின் வீட்டுக்காரருக்குக் கொடுத்த காசும் அப்பாவின் மனதில் ஒரே காசுதான். என்னைப் பொறுத்தவரை அவை ஒன்றில்லை. பூசாவுக்குப் போனபோது அப்பா எதுவும் செய்திருக்கவில்லை. நான் செய்திருந்தேன்.

விழுந்த பதினைந்து கற்கள்

அப்படியென்றால் எல்லாளனைப் போல எல்லோரும் தேர்ச்சில்லை ஏற்றவேண்டுமா? இல்லை. தகப்பனே நீதிபதியாக இருப்பது இரண்டு பக்கமும் ஆபத்து. ஒன்றில் மகனை விட்டுவிடுவான், அல்லது தான் நேர்மையானவன் என்று காட்ட மகனைக் கொல்லுவான். தெரியாமல் நடந்த ஒன்றுக்குத் தலையை எடுப்பது நீதியும் இல்லை.

இதற்கு மகாவம்சத்தின் அதே அத்தியாயத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. அந்தக் கதையை நாங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

எல்லாளன் ஒரு நாள் பிக்குகளை அழைப்பதற்காகத் தேரில் போகிறான். தேரின் நுகத்தடி ஒரு தூபியில் இடித்து அது சேதமாகிறது. இதுவும் தெரியாமல் நடந்ததுதான். அமைச்சர்கள் சுட்டிக்காட்டியதும் அரசன் இறங்கி வழியில் படுத்துக்கொண்டு, என் தலையையும் இந்தச் சில்லால் வெட்டுங்கள் என்கிறான். மகனுக்குச் செய்ததையே தனக்கும் கேட்கிறான். அமைச்சர்கள் மறுக்கிறார்கள்: எங்கள் ஆசான் பிற உயிருக்குத் துன்பம் செய்வதை விரும்பமாட்டார், தூபியைத் திருத்திக் கொடுத்து மன்னிப்புப் பெறுங்கள். விழுந்தவை பதினைந்து கற்கள். அவற்றைத் திரும்ப வைக்க அரசன் பதினையாயிரம் கஹாபணம் செலவழித்தான் என்கிறது நூல்.

மகனுக்குக் கிடைக்காத நியாயம் அது. குற்றத்தை மறைக்கவும் இல்லை, குற்றம் செய்தவனை அழிக்கவும் இல்லை. நான்தான் இடித்தேன் என்று ஒப்புக்கொண்டு, இடித்ததைத் தன் செலவில் எடுத்து வைத்தான். பிள்ளையைச் சில்லுக்குக் கீழே போடவேண்டும் என்றால் எந்தத் தாய் தகப்பனும் ஒளிக்கத்தான் பார்ப்பார்கள். கல்லை எடுத்து வைக்கத்தான் கேட்கிறார்கள் என்ற நம்பிக்கை இருந்தால், பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வரச் சிலராவது துணிவார்கள். அப்படியான நம்பிக்கையைத் தரும் பொலிஸும் நீதிமன்றமும் கம்பஸ் விசாரணைக் குழுவும் எங்களுக்கு வேணும். அதைக் கேட்கும் உரிமை எங்களுக்கு இருக்கிறது. அது வரும் வரைக்கும் ஒருவரும் கல்லைத் தொடத்தேவையில்லை என்று ஆகாது.

அப்பா ஐயாவுக்குக் காசு கொடுத்தாரே, அதுவும் கல்லை எடுத்து வைத்ததுதானே என்று கேட்கலாம். பாதிதான். கல்லை விழுத்தினவன் அதைத் தொடவே இல்லை.

ஐயா இப்பவும் அந்த ஒழுங்கையில்தான் இருக்கிறார். இழுத்து இழுத்துத்தான் நடப்பார். கோயிலில் கண்டால் "தம்பி எப்பிடி, வேலை எல்லாம் சுகமோ" என்று அவர்தான் முதலில் கேட்பார். நான் தலையாட்டிவிட்டு விலகிப்போய்விடுவேன்.

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கும்போது அப்பாவிடம் கேட்டேன், ஏன் அண்டைக்கு அப்பிடிச் செய்தனீங்கள் என்று. கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "பொலிஸ் எண்டு கேட்ட உடன எனக்கு வேற ஒண்டும் யோசிக்க வரேல்ல" என்றார்.

ஐயாவிட்டப் போய்க் கதைக்கப்போறன் என்று சொன்னேன். "இவ்வளவு காலத்துக்குப் பிறகு இனி என்னத்துக்கு?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவர் எழும்பிப்போய்ச் சேட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

"வா, நானும் வாறன். ஆனா நீதான் கதைக்கோணும்."